முதலிடத்தில் தொடங்கி 30-26இல் முடிந்த சீசன்

மே 2025. டெக்சஸ் மாநிலம், காலேஜ் ஸ்டேஷன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானத்துக்கு மிசூரி அணி வந்து இறங்கியது. அந்த சீசனில் மிசூரி தன் கான்ஃபரன்சுக்குள், அதாவது தமக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழுவுக்குள், அதுவரை ஆடியது 24 ஆட்டம், தோற்றதும் 24. ஏ அண்ட் எம்முக்கு அந்த வாரக் கடைசியில் தேவைப்பட்டதும் அப்படி ஒரு அணிதான். மூன்று ஆட்டத்தையும் வாரிக்கொண்டால், தேசியப் போட்டிக்குள் நுழைய ஒரு கதவு திறந்திருக்கும்.

மூன்றையும் வாரிக்கொண்டு போனது மிசூரி.

சீசன் முடிவில் மிசூரியின் கான்ஃபரன்ஸ் கணக்கு 3 வெற்றி, 27 தோல்வி. அந்த மூன்று வெற்றியும் அந்த ஒரே வாரக் கடைசியில், ஏ அண்ட் எம்மின் சொந்த மண்ணில் கிடைத்தவை. இத்தனைக்கும் பிப்ரவரியில் சீசன் தொடங்கியபோது டி1பேஸ்பால் இணையதளத்தின் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம் ஏ அண்ட் எம்முக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. பயிற்சியாளர் மைக்கேல் எர்லிக்கு அது முதல் சீசன். பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அந்தப் பழியில் பாதிதான் நியாயம் என்பது என் கணக்கு. காரணம் புரிய, கல்லூரி பேஸ்பால் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் உறுத்துவது ஆட்டங்களின் எண்ணிக்கை. பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை ஒரு கல்லூரி அணி 56 ஆட்டம் வரை ஆடலாம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம். நடுவில் செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்க் கல்லூரி ஏதாவது ஒன்றோடு ஒரு ஆட்டம். வகுப்பு, தேர்வு எல்லாம் இதற்கிடையில்தான். ஏ அண்ட் எம் இருக்கும் சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்சில், அதாவது எஸ்.இ.சி.யில், 16 அணிகள். பத்து வாரக் கடைசியில் 30 கான்ஃபரன்ஸ் ஆட்டம். ஓய்வுக்கு வாரம் கிடையாது. ஒரு வாரம் சறுக்கினால் அடுத்த வாரம் வருவது அதைவிடப் பெரிய அணியாக இருக்கும்.

இந்த அட்டவணையில் அணிக்கு அணி வித்தியாசம் காட்டுவது பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்டிங் பிட்சர் 90, 100 பந்து வீசினால் அப்புறம் கை ஆற ஒரு வாரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு அணிக்கும் ஒரு வெள்ளிக்கிழமை பிட்சர், ஒரு சனிக்கிழமை பிட்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிட்சர் என்று வகுத்திருப்பார்கள். இருப்பவர்களில் சிறந்தவர் வெள்ளிக்கிழமைக்கு. 'அவன் எங்கள் ஃப்ரைடே' என்று சொன்னாலே போதும், அது ஒரு பட்டம் மாதிரி. ஞாயிறு மதியத்துக்குள் பல அணிகளில் நம்பி வீசச் சொல்ல ஆளே மிச்சமிருக்காது. வெள்ளியை யார் ஜெயித்தார்கள் என்பதைவிட ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்சில் யார் பந்து போட வருகிறார் என்பதில்தான் ஒரு அணியின் உண்மையான பலம் தெரியும்.

இப்போது 2024க்குப் போவோம். அந்த வருஷம் ஏ அண்ட் எம் 53 வெற்றி, 15 தோல்வி. பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்னேகல். தேசியப் போட்டியின் கடைசிக் கட்டமாக நெப்ராஸ்கா மாநிலம் ஓமாஹாவில் ஆண்டுதோறும் நடக்கும் காலேஜ் வேர்ல்ட் சீரிசில் இறுதிச் சுற்றுவரை போனார்கள். அந்தக் கல்லூரியின் வரலாற்றில் அதுவே முதல் முறை. மூன்று ஆட்டம் கொண்ட இறுதியில் டென்னசிக்கு எதிராக முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாவதை இழந்து, மூன்றாவதில் 6-1 என்று பின்தங்கி, கடைசி இரண்டு இன்னிங்சில் துரத்தி 6-5 வரை வந்து தோற்றார்கள். ஜூன் 24, திங்கள் இரவு அது.

ஆட்டம் முடிந்த கையோடு செய்தியாளர் சந்திப்பு. டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதே என்று ஒருவர் கேட்டார். ஷ்லாஸ்னேகலுக்குக் கோபம் வந்துவிட்டது. இனி வேறு வேலை தேட வேண்டாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன், என் வீரர்கள் இப்படி உழைத்திருக்கும் நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று பொரிந்து தள்ளினார். மறுநாளே அவர் டெக்சஸின் பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

இதன் உறைப்பு முழுதாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு கல்லூரிகளின் பகையும் தெரிந்திருக்க வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில். காலேஜ் ஸ்டேஷனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏ அண்ட் எம் மாணவர்கள் தங்கள் அணி ஜெயிக்கப் பாடும் பாட்டிலேயே பாதி டெக்சஸின் சின்னமான காளையின் கொம்பை அறுப்பதைப் பற்றியது. 2012இல் ஏ அண்ட் எம் பழைய கான்ஃபரன்சை விட்டு எஸ்.இ.சி.க்கு வந்ததில் டெக்சஸை விட்டு விலகிய நிம்மதியும் ஒரு பங்கு. 2024 ஜூலையில் அதே டெக்சஸ் எஸ்.இ.சி.க்குள் வர இருந்தது. கிளம்பி வருகிற பங்காளி, வருவதற்கு முந்தின வாரம் நம் வீட்டுச் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. டெக்சஸின் விளையாட்டு இயக்குநர் கிறிஸ் டெல் கான்டே முன்பு டி.சி.யூ. பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அங்கே பேஸ்பால் பயிற்சியாளராக இருந்தவரும் இதே ஷ்லாஸ்னேகல்தான். பழைய சிநேகம்.

அவரோடு உதவிப் பயிற்சியாளர்களும் கிளம்பினார்கள். பிட்சர்களைப் பார்த்துக்கொண்ட மேக்ஸ் வைனர், புது வீரர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பில் இருந்த நோலன் கெய்ன், பேட்டிங் பயிற்சியாளர் மைக்கேல் எர்லி. ஆமாம், எர்லியும் முதலில் ஆஸ்டினுக்குத்தான் போனார். வீரர்கள் அவர்தான் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். ஏ அண்ட் எம் நிர்வாகம் கூப்பிட்டது, திரும்பி வந்தார். ஜூன் 30 அன்று தலைமைப் பயிற்சியாளர் என்று அறிவிப்பு. திங்கள் இரவுத் தோல்வியிலிருந்து எண்ணினால் ஆறு நாள்.

ஏன் அவ்வளவு அவசரம்? டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரி மாறிப் போக விரும்பும் வீரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளும் பட்டியல் அது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்த விதி தளர்ந்தது. பயிற்சியாளர் போய்விட்டால் அந்த அணி வீரர்களுக்கு 30 நாள் தனி அவகாசமும் அப்போது இருந்தது. அந்த ஒரு வாரத்தில் ஏ அண்ட் எம் வீரர்கள் பலர் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். எர்லி வந்ததும் சிலர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எர்லியைப் போட்டதற்கு முக்கியக் காரணமே அதுதான். பிட்சர்களைப் பார்த்துக்கொள்ள, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜேசன் கெல்லி, அந்தப் பதவியை விட்டு உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

ஆக, கையிருப்பைக் காப்பாற்றியாகிவிட்டது. ஜேஸ் லாவியோலெட் இருக்கிறார். 2023இல் 21 ஹோம் ரன் (நம்ம சிக்சர் மாதிரி), 2024இல் 29. கேவின் கிரஹோவாக் இருக்கிறார். முதல் வருஷத்திலேயே 23 ஹோம் ரன் அடித்து, எஸ்.இ.சி.யின் சிறந்த புதுமுகம் ஆனவர். வெள்ளிக்கிழமை பிட்சர் ரயன் பிரேகர், தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஏஞ்சல்ஸ் அணி மூன்றாவது சுற்றில் தேர்ந்தெடுத்தும் கையெழுத்துப் போடாமல் இன்னொரு வருஷம் ஆடத் திரும்பி வந்தார். இந்தப் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்க்கும் யாரும் முதலிடம்தான் கொடுப்பார்கள். கொடுத்தார்கள்.

தரவரிசை என்பது பெரும்பாலும் போன வருஷக் கணக்கு. யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். யார் போய்விட்டார்கள், அதனால் மிச்சம் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது அவ்வளவாகத் தெரியாது.

2024 பேட்டிங் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். லாவியோலெட் 29, பிரேடன் மான்ட்கோமரி 27, கிரஹோவாக் 23. மூன்று பேரிடமிருந்து மட்டும் 79 ஹோம் ரன். மான்ட்கோமரியை அந்த ஜூலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. கிரஹோவாக்குக்கு 2025 சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தோள்பட்டையில் காயம், அந்த வருஷம் அவ்வளவுதான். மூவரில் மிஞ்சியது லாவியோலெட் ஒருவர்.

இதை வெறும் கழித்தல் கணக்காகப் பார்த்தால் தப்பு. பேஸ்பாலில் ஒரு மட்டையாளருக்குக் கிடைக்கும் பந்தின் தரம் அவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்பதைப் பொறுத்தது. அடித்து நொறுக்கும் ஆள் எதிரே நிற்கும்போது, அவருக்கு அடுத்து வருபவரும் அப்படிப்பட்டவர் என்றால், பிட்சருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. நேராக வீசித்தான் ஆக வேண்டும். அடுத்து வருபவர் சாதாரண ஆள் என்றால் என்ன அவசரம்? ஓரத்தில், எட்டாத தூரத்தில் நாலு பந்தைப் போட்டு, ரன்னுக்காக ஓட வேண்டிய நாலு முனைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு அவரைச் சும்மா அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளலாம். 2025இல் லாவியோலெட்டுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். போதாததற்கு அவருக்கு அது டிராஃப்ட் வருஷம். நல்ல பந்து வராத எரிச்சலில் கெட்ட பந்தைத் துரத்துவது மனித இயல்பு. 18 ஹோம் ரன் அடித்தார். மொத்தம் 68 ஆகி, கல்லூரியின் சாதனையும் ஆனது. ஆனால் 2024இல் பார்த்த லாவியோலெட் இல்லை அவர்.

பிட்சர்கள் பக்கமும் இதே கதை. பிரேகர் பெயர் பட்டியலில் இருந்தது, சரி. அவருக்குப் பின்னால் ஆட்டத்தை முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த எவன் ஆஷன்பெக் போய்விட்டார். 2024இல் நாட்டின் சிறந்த ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர், என்ற விருது வாங்கியவர் அவர். மணிக்கு நூறு மைலைத் தொடும் வேகத்தில் வீசிய கிறிஸ் கார்டெஸ் போய்விட்டார். ஷேன் ஸ்டாவ் முழங்கைக் காயத்தால் 2025 முழுக்க ஆடவில்லை. 2024இல் இவர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்த வைனர் ஆஸ்டினில். வெள்ளிக்கிழமைக்கு ஆள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது இன்னிங்சுக்குத்தான் பஞ்சம்.

ஏ அண்ட் எம் மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெயர் ஓல்சன் ஃபீல்ட் அட் ப்ளூ பெல் பார்க். ப்ளூ பெல் என்பது பக்கத்து ஊரான ப்ரெனமில் தயாராகும் ஐஸ்கிரீம். அணி ரன் எடுத்தால் கேலரியில் சோப்புக் குமிழி ஊதுவார்கள். எதிரணி பிட்சர் நாலு பந்து தவறாக வீசி மட்டையாளரை முதல் பேஸுக்கு அனுப்பினால், மாணவர் கூட்டம் அடுத்த பந்துக்கு 'பால் ஃபைவ்' என்று கத்தும். அதுவும் தவறினால் 'பால் சிக்ஸ்'. பிட்சர் ஒரு ஸ்ட்ரைக், அதாவது ஒரு சரியான பந்து, போடும்வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். 19 வயதுப் பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, ஆயிரக்கணக்கானவர்கள் எண்ணுகிறார்கள். வேறு ஊர்களிலிருந்து வரும் பிட்சர்களை நடுங்கவைக்க இதைவிட மலிவான ஆயுதம் கிடையாது. 2025இல் அந்தச் சத்தத்துக்குக் குறைவில்லை. மிசூரி வந்தபோதும் கத்தினார்கள்.

விசித்திரம் என்னவென்றால், இதே அணி ஏப்ரல் தொடக்கத்தில் நாக்ஸ்வில்லுக்குப் போய், முந்தின வருஷம் தங்களை வீழ்த்திய டென்னசியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று தொடரில் வென்றது. அதைப் பார்த்தவர்கள் இதோ விழித்துக்கொண்டது என்றார்கள். அந்த மாதக் கடைசியில் ஆஸ்டினுக்குப் போனார்கள். ஷ்லாஸ்னேகல் அணியைச் சந்திக்கும் தொடர். மூன்றையும் இழந்தார்கள். எந்த ஆட்டமும் அடித்து நொறுக்கப்பட்ட ஆட்டம் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நழுவியவைதான். கடைசி ஓவரில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஐ.பி.எல். அணிகளை நமக்குத் தெரியும். புள்ளிப் பட்டியலில் அதற்கென்று தனிப் பத்தி கிடையாது.

முதல் வருஷப் பயிற்சியாளர் என்பதாலேயே இது நடந்ததா? ஏ அண்ட் எம்மின் சொந்தக் கதையே இதற்கு எதிர்ச் சான்று. 2021இல் அந்த அணி 29 வெற்றி, 27 தோல்வி, கான்ஃபரன்சில் 9-21. நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்த ராப் சில்ட்ரெஸ்ஸை அனுப்பிவிட்டு ஷ்லாஸ்னேகலைக் கொண்டுவந்தார்கள். அவருடைய முதல் சீசன், 2022: 44-20, நேராக ஓமாஹா.

அவர் என்ன மந்திரமா போட்டார்? இல்லை. வீடு காலியாக இருந்தது. போர்ட்டல் விதி அப்போதுதான் தளர்ந்திருந்தது, அதன் அருமை பலருக்குப் புரியாத நேரம். யூ.டி.எஸ்.ஏ.விலிருந்து டிலன் ராக், அரிசோனா ஸ்டேட்டிலிருந்து ஜாக் மாஸ், ஓரிகன் ஸ்டேட்டிலிருந்து கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) டிராய் கிளான்ச், ஹவாயிலிருந்து கோல் கேலர், டெக்சஸ் டெக்கிலிருந்து பிட்சர் மைக்கா டாலஸ், ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஜேக்கப் பாலிஷ் என்று அங்குமிங்குமாகப் பொறுக்கி எடுத்து, எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ அந்த இடத்துக்குத் தோதான ஆளை வைத்தார். பழைய பெயர் எதற்கும் இடம் விட வேண்டியிருக்கவில்லை. ஜாக் மாஸ் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து வந்ததற்கு, அங்கே பேட்டிங் சொல்லிக்கொடுத்தவர் காலேஜ் ஸ்டேஷனுக்கு வந்திருந்ததும் ஒரு காரணம். அவர் வேறு யாருமில்லை, எர்லி.

2022இல் காலி வீட்டுக்குக் குடிவந்தவருக்கு, எந்த மூலையில் என்ன போடுவது என்று தானே முடிவுசெய்ய முடிந்தது. 2025இல் எர்லிக்குக் கிடைத்தது சாமான் நிறைந்த வீடு. எதையும் வெளியே போட முடியாது, போட்டால் அதற்காகத்தானே உன்னை வைத்தோம் என்பார்கள். எது உள்ளே உளுத்திருக்கிறது என்று தெரிவதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. அதோடு அவருக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேலையே அதுதான் முதல் முறை. எந்த நேரத்தில் பிட்சரை மாற்றுவது, நாலு தொடர் தோற்ற பையன்களிடம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை என்ன பேசுவது என்பதையெல்லாம் எஸ்.இ.சி.யில் இருந்துகொண்டு கற்பது நீச்சல் தெரியாதவர் கடலில் இறங்குவது மாதிரி. பழியில் அவர் பங்கு பாதி என்று சொன்னது இதனால்தான்.

அதே 2025இல் எஸ்.இ.சி.யில் இன்னும் இரண்டு பயிற்சியாளர்களுக்கு முதல் சீசன். சவுத் கேரொலைனா, ஓய்வு பெற்றிருந்த பால் மைனியரியைக் கொண்டுவந்தது. 2009இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யூ.வுக்கு, தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அனுபவத்துக்குக் குறைவில்லை. 28-29, கான்ஃபரன்சில் 6-24. டெக்சஸில் ஷ்லாஸ்னேகல் 44-14, எஸ்.இ.சி.யில் 22-8, நுழைந்த முதல் வருஷத்திலேயே கான்ஃபரன்ஸ் பட்டம். ஆனால் தேசியப் போட்டியின் முதல் கட்டத்திலேயே, ஆஸ்டினில் தன் மைதானத்தில், சான் அன்டோனியோவிலிருந்து வந்த யூ.டி.எஸ்.ஏ.விடம் இரண்டு முறை தோற்று வெளியேறினார். காலேஜ் ஸ்டேஷனில் அன்று ஐஸ்கிரீம் விற்பனை கூடியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

உள்ளிருந்த ஆளையே தலைமைக்கு உயர்த்துவதுதான் தப்பு என்று சொல்லவும் வழியில்லை. அதே வருஷம் சவுத் கேரொலைனாவின் கடலோரத்தில், கோஸ்டல் கேரொலைனாவில், கெவின் ஷ்னாலுக்கு முதல் சீசன். அவர் அங்கேயே ஆடியவர், முந்தைய தலைமைப் பயிற்சியாளர் கேரி கில்மோரிடம் பல வருஷம் உதவியாளராக இருந்தவர். 2016இல் கில்மோர் தேசியக் கோப்பை வென்றபோதும் கூட இருந்தவர். கில்மோர் ஓய்வு பெற, பதவி நிதானமாகக் கைமாறியது. ஆறு நாள் களேபரம் எதுவும் இல்லை. போன வருஷம் இறுதி ஆடிய அணி என்ற பாரமும் இல்லை. தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்து ஓமாஹாவின் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். அங்கே எல்.எஸ்.யூ.விடம் முதல் ஆட்டம் 1-0 என்று போனது. இரண்டாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்சிலேயே நடுவரோடு வாக்குவாதம், ஷ்னாலை வெளியே அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தில் மிச்ச எட்டு இன்னிங்சும் தலைமைப் பயிற்சியாளர் இல்லாமல் ஓடியது. 5-3, கோப்பை எல்.எஸ்.யூ.வுக்கு. இருந்தும் கோஸ்டலின் மொத்தக் கணக்கு 56-13. முதல் வருஷக்காரர் எவரும் ஆசைப்படும் எண்.

திரும்ப ஏ அண்ட் எம்முக்கு. கான்ஃபரன்ஸ் கணக்கு 11-19. எஸ்.இ.சி.யின் 16 அணிகளில் 13 அணிகள் தேசியப் போட்டிக்கு அழைக்கப்பட்ட வருஷம் அது. விடுபட்ட மூன்றில் ஒன்று மிசூரி, ஒன்று சவுத் கேரொலைனா. மூன்றாவது, பிப்ரவரியில் நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி. நிர்வாகம் எர்லியை நீக்கவில்லை. போர்ட்டல் திறந்தது, மறுபடி ஆள் பிடிக்கும் வேலை தொடங்கியது.

அதற்கு முன் ஒரு வாரம் பாக்கி இருந்தது. அலபாமாவின் ஹூவரில் எஸ்.இ.சி. டோர்னமென்ட். கோப்பையை வென்றால் மட்டுமே தேசியப் போட்டிக்கு வழி. மிசிசிப்பி ஸ்டேட்டை வென்றார்கள். மே 22, வியாழக்கிழமை ஆபர்ன் அணியோடு ஆட்டம். அந்த ஆட்டத்தில் ஒரு பந்து நேராக வந்து லாவியோலெட்டின் இடது கையைப் பதம் பார்த்தது. எலும்பு முறிவு. ஆட்டத்தை ஏ அண்ட் எம் ஜெயித்தது, அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. டிராஃப்டுக்கு இரண்டே மாதம், கோடிக்கணக்கில் பணம் காத்திருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் எல்.எஸ்.யூ.வுக்கு எதிராக அடிப்பவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மட்டையோடு வந்து நின்றார்.

4-3 என்று எல்.எஸ்.யூ. வென்றது. ஏ அண்ட் எம்மின் சீசன் அங்கே முடிந்தது, 30-26. ஜூலையில் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் அவரை முதல் சுற்றில், 27ஆவது ஆளாக எடுத்துக்கொண்டது.